பிலோமினாவின் வீச்சு

உதகை ஆடுகளத்தின் கடைசிக் குழியை நோக்கி மங்கையர்க்கரசி மட்டையை ஓங்கியபோது, அவள் தோள்களை இயக்கியது இறந்துபோன ஒருத்தியின் பழக்கம். வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அது தெரியும். நிழற்கை இல்லாமல் ஆடும் கோல்ஃப் வீராங்கனைகள் அப்போது அரிதாகிவிட்டார்கள்.

நிழற்கை என்பது மணிக்கட்டிலிருந்து தண்டுவடம் வரை தோலுக்கடியில் ஓட்டப்படும் மெல்லிய நரம்பிழை. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் தசைகள் எந்தக் கணத்தில் இறுகின, எந்தக் கணத்தில் தளர்ந்தன என்பதை அது இன்னொருவர் உடலில் அப்படியே எழுப்பும். அதிகம் விற்றது பிலோமினாவின் பதிவு. மட்டையைப் பாதி தூரமே பின்னால் இழுத்து, வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு சட்டென்று வெட்டும் அந்த வீச்சுக்குப் பயிற்சியாளர்கள் ‘பூட்டு வீச்சு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மங்கை அவளோடு பல ஆண்டுகள் ஆடியவள். வெளியூர்ப் போட்டிகளில் ஒரே அறையில் தங்கியவள். அவளை ஒருமுறைகூட வென்றதில்லை. மலைப்பாதை வளைவில் கார் உருண்டு பிலோமினா இறந்த பிறகு, அவள் கணவன் செல்வின் பதிவை நிழற்கை செய்யும் நிறுவனத்துக்கு விற்றான். ஆட்டத்தையே விட்டுவிட நினைத்திருந்த மங்கை அதை வாங்கிப் பொருத்திக்கொண்டாள். அடுத்தடுத்து மூன்று கோப்பைகள் அவளுக்கு வந்தன.

முதல் உறுத்தல் குன்னூர் மளிகைக் கடையில் நடந்தது. மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுக்கக் கடைக்காரர் கையை உயர்த்தினார். மங்கையின் இடது கை தானாக எழுந்து அவள் முகத்தை மறைத்தது. வலது முழங்கை விலாவில் இறுகியது.

அவளுடைய மட்டைப்பையைச் சுமக்கும் குமுதா பக்கத்தில் நின்றிருந்தாள். “என்னங்க்கா, எதுக்கு இப்படிப் பயந்துட்டீங்க?”

“நான் பயப்படலை குமுதா,” என்றாள் மங்கை. உண்மையாகவே அவளுக்குப் பயம் இல்லை. கை மட்டும் முகத்தை விட்டு இறங்கவில்லை.

அதற்குப் பின் குளிக்கும்போதும் தலை வாரும்போதும் அந்தக் கையை அவள் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அந்த ஆண்டு உதகையில் பிலோமினா நினைவுக் கோப்பையையும் மங்கையே வென்றாள். பரிசளிக்க வந்தவன் செல்வின். வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். பொன்னாடையை விரித்து, அவள் தோளில் போர்த்த இரு கைகளையும் உயர்த்தினான்.

மங்கையின் முன்கை பாய்ந்து முகத்தை மூடியது. உடல் ஒருபக்கமாக ஒடுங்கியது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். செல்வினும் சிரித்தபடி இரண்டாவதாக வந்த தாய்லாந்துப் பெண்ணிடம் போனான். அவளும் அதேபோல முகத்தை மூடி ஒடுங்கினாள். மூன்றாவதாக நின்ற மதுரைக்காரி யாழ்மொழி, பொன்னாடை விரியும்போதே ஒடுங்கிவிட்டாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில் அடிவாங்கிய மூன்று பெண்களைப்போல அவர்கள் நின்றார்கள். செல்வின் பொன்னாடையை மடிக்கத் தொடங்கினான். மடிப்பு சரியாக வரவில்லை.

நிறுவனத்தின் பொறியாளர் சபேசன் மறுநாள் மங்கையிடம் விளக்கினார். “அசைவைப் பதிய உடம்புல போடுற பதிவுத்துணியை பிலோமினா பல மாசம் கழட்டாமப் போட்டிருந்தாங்க மேடம். வீட்டுலயும்தான். கண்ணு பார்த்ததுக்குக் கை என்ன செஞ்சுதுன்னு எல்லாமே அதுல ஏறிடுச்சு.”

“அப்ப கார் விபத்து?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

காவல்துறை செல்வினை அழைத்து விசாரித்தது. ஓர் இயந்திரத்தின் அசைவு சாட்சியாகாது என்றார் அவன் வழக்கறிஞர். விசாரணை அத்தோடு நின்றது.

நிறுவனம் அந்த ஒடுங்கலை மட்டும் அழித்து ஒரு திருத்தம் அனுப்பியது. எல்லோருடைய பந்தும் அன்றே தடம் புரண்டது. நேராகப் போன அடிகள் மரங்களுக்குள் பாய்ந்தன. மங்கை மீண்டும் சபேசனைக் கூப்பிட்டாள்.

“ரெண்டையும் பிரிக்க முடியலைங்க,” என்றார் அவர். “முழங்கை விலாவுல ஒட்டுறதும், மட்டை பாதியில நிக்கிறதும் அவங்க பழகின ஸ்டைல் இல்ல. விலா எலும்பு வலி. வலிச்சதால கையை அதுக்கு மேல தூக்க முடியலை. அந்த வீச்சே அதுதான்.”

மங்கைக்கு ஓர் ஓட்டல் அறை நினைவுக்கு வந்தது. “என்னடி புதுசா முழங்கையை ஒட்டி வச்சு அடிக்கிற?” என்று அவள் கேட்டிருந்தாள். பிலோமினா, “நல்லா வருதுல்ல?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வீச்சைக் கற்க மங்கை அன்று ஒளிப்பதிவை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

வீராங்கனைகளின் இணையக் கூட்டத்தில் பழைய பதிவைத் திருப்பித் தரச் சொல்லிப் பலர் கேட்டார்கள்.

“அது அவ அடிவாங்கின உடம்பு. அதை வச்சு ஆடணுமா?” என்றாள் மங்கை.

யாழ்மொழி சட்டென்று பதில் சொன்னாள். “அதே உடம்புலதான நீங்க நாலு கோப்பை வாங்குனீங்க? நாங்க வாங்கப்போறப்பதான் உங்களுக்கு நியாயம் ஞாபகம் வருதாக்கும்?”

வாக்கெடுப்பில் பழைய பதிவே வென்றது. ‘மூலப் பதிப்பு’ என்ற பெயரில் அது கூடுதல் விலைக்கு வந்தது.

மங்கை நிழற்கையை அகற்றிக்கொண்டாள். அடுத்த பருவத்தில் தகுதிச் சுற்றிலேயே தோற்றாள். பிலோமினா கோப்பைக்கு அவளும் குமுதாவும் சீட்டு வாங்கிப் பார்வையாளர்களாகப் போனார்கள்.

நுழைவாயிலில் புதிய அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. வீராங்கனைகளின் ஆட்டம் கெடாதிருக்க, ஆண்கள் எக்காரணம் கொண்டும் கைகளை உயர்த்தக் கூடாது. மீறுபவர்கள் வெளியேற்றப்படுவார்கள்.

யாழ்மொழி முழங்கையை விலாவோடு ஒட்டி வெட்டினாள். பந்து வானத்தில் நேர்க்கோடு கிழித்தது. பெண்கள் கைதட்டினார்கள். ஆண்கள் கைகளை மடியில் வைத்தபடி வாயால் ஆரவாரித்தார்கள்.

“அங்க பாருங்க்கா,” என்று குமுதா முன்வரிசையைக் காட்டினாள்.

செல்வின் அங்கே உட்கார்ந்திருந்தான். வெயில் அவன் கண்ணில் நேராக அடித்தது. நெற்றிக்குக் கை கொடுக்காமல், விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை ஆண்களிலும் அவனே ஒழுங்காக உட்கார்ந்திருந்தான்.