ஹார்லனின் ஊதாச் சில்லு

பிற்பகல் 3.40. அமெரிக்காவின் ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதியில், பணத்துக்குப் பதில் வண்ணச் சில்லுகள் வைத்துச் சீட்டாடும் போக்கர் கூடம். வெளியே புகை பிடித்துவிட்டு வந்த ஹார்லன், தன் இடத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒரு கையில் மூக்குக்கண்ணாடிப் பெட்டி.

"என் ஐந்நூறு டாலர் ஊதாச் சில்லக் காணோம்! இவதான் எடுத்திருக்கா!"

அவர் விரல் நீட்டியது, அந்த மேஜையில் சீட்டுப் போடும் மரிடெஸை. பாவம், பத்து வருஷத்தில் ஒரு சீட்டைத் தவறவிடாதவள்.

மேலாளர் டாலிவர் சும்மா இருப்பாரா? "இவள வீட்டுக்கு அனுப்பு, லோர்னா."

மேற்பார்வையாளர் லோர்னா அசையவில்லை. அவளும் சீட்டுப் போட்டு வயிறு கழுவியவள்தான். சம்பளம் வாடகைக்கே பற்றாது. ஜெயித்தவர்கள் ஆட்டத்துக்கு ஒரு டாலர், இரண்டு டாலர் என்று தள்ளும் டிப்ஸில்தான் குடும்பம் ஓடும். நல்ல நாளில் இருநூறு தேறும். திருடி என்று பெயர் விழுந்தால் அதுவும் வராது.

"மரிடெஸ், நீ எடுத்தியா?"

"சத்தியமா இல்ல. டிப்ஸ் பெட்டிய மேலாளரே தொறந்து பார்த்துட்டாரு. எல்லாம் ஒரு டாலர் சில்லு."

கண்காணிப்புக் கேமராப் பதிவில் மேஜையை மறைத்த ஹார்லனின் அகலமான முதுகுதான் தெரிந்தது. லோர்னா அவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தன மணிக்கு வெளிய போனீங்க?"

"மூணேகால்."

"பையெல்லாம் பார்த்தீங்களா?"

"தலைகீழா உதறிட்டேன். நான் என்ன பச்சப்புள்ளையா?"

லோர்னா அவர் இடத்தைப் பார்த்தாள். சில்லுகள், காப்பி. வேறொன்றும் இல்லை.

"உங்க வெள்ளிக் காசு எங்க?"

கழித்த சீட்டுகளோடு தன் சீட்டும் போய்விடாமல் இருக்க, ஆடுபவர்கள் அதன்மேல் எதையாவது வைப்பார்கள். ஹார்லனுக்கு அந்தக் காசு.

"இன்னிக்கி வீட்ல மறந்துட்டேன்."

"அப்ப சீட்டு மேல எத வெச்சீங்க?"

"அந்த ஊதாச் சில்லத்தான்."

"கண்ணாடிப் பெட்டியத் தொறங்க."

கண்ணாடிக்கு அடியில் ஊதாச் சில்லு!

"எழுந்து போறப்பல்லாம் கண்ணாடியோட காசையும் பெட்டியில போடுவீங்க. ஒம்போது வருஷமாப் பாக்கறேன். இன்னிக்கி காசு இருந்த எடத்துல சில்லு. திரும்பி வந்து கண்ணாடியக்கூடப் போடாமக் கத்திட்டீங்க. எடுத்தது உங்க கைதான், ஹார்லன்."

ஹார்லன் முகம் சிவந்துபோயிற்று. சில்லை மரிடெஸ் பக்கம் தள்ளினார். "மன்னிச்சிடும்மா. இத நீயே வெச்சுக்க."

மூன்று நாள் சம்பாத்தியம். மரிடெஸ் கண் கலங்கியது. ஆனாலும் திருப்பித் தள்ளினாள்.

"வேணாம். எடுத்தேன்னு கத்தினீங்கல்ல? அதே சத்தத்துல எடுக்கலன்னு கத்துங்க."

ஹார்லன் எழுந்தார். பன்னிரண்டு மேஜையும் கேட்கத் தொண்டை கிழியக் கத்தினார்.

"மரிடெஸ் எடுக்கல! மடையன் நான்தான்! என் பெட்டியிலேயே இருந்துச்சு!"

கூடமே சிரித்தது. டாலிவர் தரையைப் பார்த்துக்கொண்டு நழுவினார். மரிடெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டைக் கலைத்தாள். ஐந்தாம் மேஜையிலிருந்து இரண்டு பேர் தங்கள் சில்லுகளை வாரிக்கொண்டு அவள் மேஜைக்கு மாறி உட்கார்ந்தார்கள்.