பின்னறைக்கு உருண்ட பந்து

அப்பா மரியான் உருட்டிய ரப்பர் பந்து சற்றுத் தாமதித்துத் திரும்பி வந்தது. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிளாரன்ஸ் சத்தம் கேட்டுக் கையை நிறுத்தினாள். அப்பாவைத் தனியாகத்தானே கூடத்தில் உட்கார வைத்திருந்தாள்?

சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கொழும்புத் தோணிகளை நடத்தும் தண்டலாக இருந்து கடலையே அதட்டிய மனிதருக்கு, புதுத் துறைமுகம் வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாக மறந்துபோனது. கடைசியில் பெற்ற மகளும் மறந்துபோனாள். "இதுக்கு மருந்து கிடையாதும்மா. வெளாட்டுக் காட்டு. பேரைச் சொல்லிச் சொல்லிப் பந்தை உருட்டு" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ் இன்பமணி. தினமும் சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்து உருட்டினார்கள். போன வாரம் பந்தைப் பிடித்தவர் அவள் முகத்தைப் பார்த்து, "பிளாரன்ஸ்" என்றார். அன்று அவள் அழுத அழுகை அடங்க வெகுநேரமானது.

இன்று கரண்டு இல்லை. உப்பளப் பக்கமிருந்து வந்த காற்றில் கதவுகள் முனகின. கருவாட்டு வாடைக்கு அடியில் வேறொரு வாடை, தேங்கிக் கெட்ட கடல்தண்ணீரின் வாடை, பழைய வலைகள் கிடக்கும் பின்னறையிலிருந்து மெல்லக் கசிந்து அடுப்படிவரை வந்தது. பந்து உருண்டு போகும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி திரும்பி வந்தது. அப்பா சிரித்தார்.

விளக்கோடு போனாள். அவர் பின்னறை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த பந்து நனைந்து சொட்டியது.

"யாருகூடப்பா வெளாடுதீங்க?"

"எம் மககூட."

"நாந்தாம்ப்பா உங்க மக. பிளாரன்ஸ்."

அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவ அங்கனல்லா இருக்கா."

இருட்டுக்குள் பந்தை உருட்டினார். சத்தம் பாதியில் நின்றது. யாரோ பிடித்த மாதிரி.

"அப்பா."

உள்ளிருந்து. பிளாரன்ஸின் சொந்தக் குரல்.

"வாறேன் மக்கா."

தூக்கிவிடாமல் எழ முடியாதவர் தானே எழுந்தார். தாவிக் கையைப் பிடித்தாள். "போவாதீங்கப்பா! என்னையப் பாருங்க!"

உதறினார். முன்பின் தெரியாதவளின் பிடியை உதறுவதுபோல. உள்ளே போனார்.

விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

வலைக்குவியலுக்கு நடுவே அப்பா. மடியில் ஒரு தலை. ஈரமுடி தரையெங்கும் பரந்து கிடந்தது. அதைக் கோதிக்கொண்டே சொன்னார். "பிளாரன்ஸ். பிளாரன்ஸ்."

தலை மெதுவாகத் திரும்பியது.

தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. கண்ணிருந்த இடத்தில் மணல். ஆனால் அது பிளாரன்ஸின் முகம்தான். அப்பாவின் கையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தது.