பூட்டிய போரில் சிவப்புத் தண்ணீர்

2004, சித்திரை மாதம். காலை ஆறு மணி. ஆரணியில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் ஹேமநாத், பட்டறை ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போட்டான். சிறிது நேரம் ஓடவிட்டு, தண்ணீர் தெளிவாக விழுவதைப் பார்த்த பிறகே வெள்ளை நூல் கழிகளைத் தொட்டியில் அலசப் போட்டான். டீ குடித்துவிட்டுத் திரும்பினால், தொட்டி முழுக்க ரத்தச் சிவப்பு. கல்யாண ஆர்டருக்கான நூல் அத்தனையும் திட்டுத்திட்டாகச் சிவந்து கிடந்தது. குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்ததும் சிவப்புத் தண்ணீர்தான்.

"என் போர்ல சாயத்த ஊத்திட்டானுங்கடா!" என்று அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடியது.

எட்டு மணிக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் தென்னரசு, ஆழ்துளைக் கிணற்றின் வாயைப் பார்த்ததும் குழம்பினார். கனமான இரும்பு மூடி. அதன் மேல் பூட்டு. உடைத்த தடயமோ கீறலோ இல்லை. ஒரே சாவி ஹேமநாத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

"யார் மேல சந்தேகம்?"

"மேற்கால பட்டறை ஜெகநாதன்தான் சார். என் போரப் பாத்து வயிறு எரிஞ்சிகினு கெடக்கறவன்."

எரியாமல் என்ன செய்யும்? அந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியாகிவிட்டது என்று புதிய போர்களுக்கு அனுமதியை நிறுத்தியிருந்தார்கள். தடை வருவதற்குச் சற்று முன்னால், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஆழத்தில் போர் இறக்கியவன் ஹேமநாத். பிறகு சுற்றியிருந்த போர்கள் ஒவ்வொன்றாக வறண்டன. மற்றவர்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க, அவன் மோட்டார் மட்டும் பொழுதெல்லாம் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டாலே பக்கத்துப் பட்டறைகளில் பேச்சு நின்றுவிடும். மூன்று முறை மனுப் போட்டும் அனுமதி கிடைக்காத ஜெகநாதன், "அவன் போர் நாசமாப் போவ" என்று டீக்கடையில் கத்தியதை ஊரே கேட்டிருந்தது.

ஒன்பது மணிக்கு ஜெகநாதன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். பத்தரைக்கு, தென்னரசு கேட்டுக்கொண்டபடி, நிலத்தடி நீர் அதிகாரி திலகவதி ஜீப்பில் வந்து இறங்கினாள். மூடியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு கேள்விகள்.

"மோட்டார் போட்டதுமே சிவப்பா வந்துச்சா?"

"இல்லீங்க மேடம். மொதல்ல நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சு. அத நம்பித்தான நூலப் போட்டேன்."

"அப்ப இங்க யார் இருந்தாங்க?"

"யாருமில்ல. எங்க அக்கா ரேணுகாம்பாள் மட்டும் வந்து, மோட்டார் போட்ட ஒடனே ஒரு கொடம் புடிச்சிகினு போச்சு. கிழக்கால வூடு. குடிக்கறதுக்கு தெனம் இங்கதான் புடிக்கும்."

திலகவதி அவன் மனைவி ஸ்வர்ணலதாவிடம் திரும்பினாள். "தண்ணி எப்படிங்க, குடிக்க நல்லா இருக்குமா?"

"ருசியா இருக்குங்க. மொத தண்ணி மட்டும் துரு வாடை அடிக்கும். அத யாரும் புடிக்க மாட்டோம், தரையில வுட்டுடுவோம்."

அடுத்து அவள் ஜெகநாதனின் பட்டறைக்குப் போனாள். வறண்ட போரின் வாயில் குளவி மண்கூடு கட்டி அடைத்திருந்தது. கூடு முழுசாக இருந்தது. பிறகு கிழக்கு வீடு. அங்கேயும் ஒரு வறண்ட போர், வாயில் ஒரு சாக்கு. மூடிக்கிடந்த பட்டறையில் பழைய சாய டின்கள். ரேணுகாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மூட்டை உப்பு வேணும். ரெண்டு டிரம் லாரித் தண்ணியும்" என்றாள் திலகவதி.

"உப்பா?" என்றார் தென்னரசு.

"கரைச்சு இந்தப் போர்ல ஊத்துங்க. ஹேமநாத் மோட்டார நிறுத்தாம ஓடட்டும்."

பிற்பகல் முழுக்க திலகவதி ஹேமநாத்தின் குழாயடியில், உப்பு அளக்கும் மீட்டரோடு உட்கார்ந்திருந்தாள். மாலையில் மீட்டரின் முள் ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. தென்னரசு ஒரு வாய் ஊற்றிப் பார்த்துத் துப்பினார்.

ஸ்டேஷனிலிருந்து ஜெகநாதனையும் வரவழைத்து, எல்லோருக்கும் முன்னால் திலகவதி சொன்னாள்:

"மேல இருந்து ஊத்தியிருந்தா மொதல் சொட்டே சிவந்திருக்கும். தெளிவா வந்து அப்புறம் சிவந்ததுன்னா, சாயம் தூரத்துல இருந்து, பாறை வெடிப்பு வழியா வந்திருக்கு. பூட்டத் தொறக்கவே வேணாம். ஜெகநாதன் போர்ல குளவிக்கூடு கலையல. மிச்சம், உப்பு ஊத்தின கிழக்கு வீட்டுப் போர்தான்."

ஹேமநாத் அக்காவைப் பார்த்தான். "அக்காவா? போங்க மேடம். எவனாவது ராத்திரி அதுங்க வூட்ல பூந்து ஊத்தியிருப்பான்."

"இருக்கலாம். ஆனா யாரும் புடிக்காத துருத் தண்ணிய இன்னைக்கு மட்டும் ஏன் உங்க அக்கா புடிச்சாங்க? கொஞ்ச நேரத்துல சிவப்பு வரும்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான்."

ரேணுகாம்பாள் மறுக்கவில்லை.

"போன மாசம் சாயத்தொட்டி கழுவின தண்ணிய என் போர்ல வுட்டேன். மறுநா இவன் தண்ணியில லேசா மஞ்ச கலந்துச்சு. இவன் கண்டுக்கல. எனக்கு வெளங்கிப் போச்சு. நேத்து சாயங்காலம் செவப்புச் சாயத்தக் கரைச்சு ஊத்தினேன்." அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "என் வூட்டுக்காரர் இருந்தப்ப என் பட்டறைலதான்டா நீ தொழில் கத்துக்கின. உன் மோட்டார் ஓட ஓட என் போர் செத்துச்சு. உன்னாலதான்னு சொன்னப்ப, பொறாமைல பேசறேன்னு சிரிச்ச. ஆமா, பொறாமதான். சொந்தத் தம்பி வூட்ல தெனம் கொடத்த ஏந்திகினு நின்னு பாரு, அப்ப தெரியும்."

தென்னரசு கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டினார். ஜெகநாதன் சட்டையைச் சரிசெய்துகொண்டு தன் பட்டறைப் பக்கம் நடந்தான்.

ஹேமநாத் மோட்டாரை நிறுத்தக் கை நீட்டினான். "சாயம் போவற வரைக்கும் ஓடட்டும்" என்றாள் திலகவதி. "அதுக்கப்புறம் காலையில ஒரு மணி நேரம் மட்டும்தான். மேல எழுதப் போறேன்."

"இன்னா மேடம் இது நியாயம்? தப்புப் பண்ணது அது, தண்டன எனக்கா?"

"அவங்க செஞ்சதுக்கு போலீஸ் இருக்கு. அவங்க போர்ல ஊத்தின உப்பு உங்க குழாய்ல வருதுன்னா, அவங்க தண்ணியத்தான் இத்தன நாளா நீங்க எடுத்துகினு இருந்திருக்கீங்க. அவங்க சொன்னப்ப யார்கிட்டயும் ஆதாரம் இல்ல. இப்ப இருக்கு."

ஜீப்பில் ஏறப் போன ரேணுகாம்பாள் நின்றாள். பிழிந்துவிட்ட துணிபோல் நின்ற தம்பியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, யாரும் பிடிக்காமலே தானாக ஏறி உட்கார்ந்தாள்.