அடுத்த வரி

ஹாட்டி வாயைத் திறப்பதற்கு முன்பே நரி "சபாஷ்!" என்றது.

அது மெரிடித் காதில் விழுந்தது. ஆனால் அப்போது அவள் பொருட்படுத்தவில்லை. அடுப்பில் மக்ரோனிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். பானையிலிருந்து எழுந்த ஆவி ஜன்னலில் படிந்து, காலையிலிருந்து குறுக்காக அடித்துக்கொண்டிருந்த பனியை வெறும் சாம்பல் நிற அசைவாக ஆக்கியிருந்தது. நடுப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்த அந்தச் சமையலறையில் விறகுப் புகையும், நாற்காலி முதுகில் காயப்போட்ட கம்பளிக் கையுறைகளின் ஈர வாடையும் கலந்து கிடந்தன. தடுக்க ஒரு மரம்கூட இல்லாத நெப்ராஸ்கா சமவெளியில் ஓடிவந்த காற்று கூரைத் தகரம் ஒன்றைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தது. அத்தனைக்கும் நடுவில், மேசைமேல் கிடந்த டேப்லெட்டிலிருந்து அந்தக் குரல். சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த குரல்.

"சபாஷ், ஹாட்டி! அடுத்த வரிக்குப் போகலாமா?"

"நீ இன்னும் படிக்கவே இல்லையேடி," என்றாள் மெரிடித்.

"அதுவே சபாஷ் சொல்லிடுச்சும்மா."

"அது சொன்னா ஆச்சா? நீ வாயைத் திறந்து படி."

ஆறு வயது ஹாட்டி உதட்டைப் பிதுக்கினாள். மேசைக்கடியில் அவள் தம்பி ஏமஸ், இன்னும் பேச்சு வராத குழந்தை, ஒரு மரக்கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் படிப்புச் செயலிக்குச் 'சொற்காடு' என்று பெயர். திரையில் ஒரு வரி வரும். பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். சரியாக இருந்தால் ஒரு நட்சத்திரம் தரும். நட்சத்திரம் சேர்ந்தால் நரிக்குத் தொப்பி வாங்கலாம். இலையுதிர் காலத்திலிருந்து ஹாட்டி வாங்கிய தொப்பிகளுக்குக் கணக்கில்லை. கௌபாய் தொப்பி, சமையல்காரர் தொப்பி, மாலுமித் தொப்பி. ஒரு தொப்பியைத் தேர்ந்தெடுக்க ஒரு முற்பகலே போய்விடும். ஆனால் காகிதத்தில் அச்சடித்த ஒரு வரியை அவள் முன் வைத்தால் போதும், வயிறு வலிக்கும், தண்ணீர் தாகம் எடுக்கும், காலணிக்குள் கல் உறுத்தும். கணக்கு விளையாட்டிலும் இதே கதைதான். மிதந்து வரும் குமிழிகளில் சரியான விடை உள்ளதை உடைக்கச் சொன்னால், எல்லாவற்றையும் தட்டித் தட்டி ஏதாவது ஒன்று உடையும்வரை விடமாட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்தியது மெரிடித்தான். ஆசிரியை, பிள்ளை காதுபடவே, "இவளால மத்த பிள்ளைங்களும் பின்தங்குறாங்க" என்று சொன்ன அன்றைக்கு, "நானே சொல்லிக்கொடுத்துக்கறேன்" என்று கதவை அறைந்துவிட்டு வந்தாள். மருந்துக்கடை வேலையை விட்டாள். அவள் கணவன் கர்ட் அரைமனதாகத் தலையாட்டினான். வசந்தம் வருவதற்குள் ஹாட்டி ஒரு சின்னப் புத்தகமாவது படிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பள்ளிக்கூடம். அதுதான் பேச்சு. இப்போது பிப்ரவரி.

"படி ஹாட்டி. அம்மாவுக்குப் பொறுமை போகுது."

ஹாட்டி விரலைத் திரையில் வைத்தாள். "பா... னை. பானை." மூச்சு வாங்கினாள். "பொ... ங்... கு... பொங்கு... ம்."

மெரிடித் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சீறிக்கொண்டு அடுப்பில் வழிந்தது.

ஓடிப்போய் அணைத்தாள். விரலைச் சுட்டுக்கொண்டாள். எரிச்சலில் வாய்க்குள் திட்டினாள். அதற்குப் பிறகுதான் உறைத்தது: ஹாட்டி முழுசாக ஒரு வரி படித்திருக்கிறாள்! எதையும் தட்டிப் பார்க்காமல், ஊகிக்காமல், எழுத்தெழுத்தாகக் கூட்டி.

"நீயா படிச்சே? இன்னொரு தடவை சொல்லு."

"அது போயிடுச்சு. இப்ப வேற வந்திருக்கு." விரல் நகர்ந்தது. "அ... த்... தை. அத்தை. கூ... ப்... பி... டு..."

எவ்வளவு நேரம்! ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் எடுத்துக்கொண்ட இடைவெளியில் மெரிடித்துக்குப் பல் கூசியது. முழுச் சொல்லும் தன் தொண்டையில் வந்து நின்று தள்ளுவதுபோல் இருந்தது.

"...வாள். கூப்பிடுவாள்!"

தொலைபேசி அடித்தது.

கர்ட்டின் அக்கா டார்லீன். லிங்கன் நகரத்தில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை.

"என்ன மெரிடித், பனியில புதைஞ்சு போயிட்டீங்களா?"

"உயிரோடதான் இருக்கோம்."

"குட்டி எப்படி? படிக்கிறாளா, இல்ல இன்னும் அந்த நரிக்குத் தொப்பி மாட்டிக்கிட்டு இருக்காளா?"

"இப்பதான் முழுசா ஒரு வரி படிச்சா."

"ஒரு வரியா! அடேங்கப்பா. என் வகுப்புல பிள்ளைங்க கதையே எழுதுதுங்க." சிரித்தாள். "கோவிச்சுக்காதே. மாத்திரை எண்ணிப் போடறது வேற, பிள்ளைக்கு எழுத்து சொல்லித்தர்றது வேற. ஏதோ தோணுச்சு, சொன்னேன்."

மெரிடித் தொலைபேசியை வைத்துவிட்டாள். காது சூடாகியிருந்தது. டார்லீன் கூப்பிடுவாள் என்று ஹாட்டி படித்ததைவிட, டார்லீன் பேசியதுதான் அப்போது அவள் மனசில் நின்றது. நாற்காலியை இழுத்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படி. இன்னொண்ணு படி."

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தாள். இணைய இணைப்பு இல்லை என்று காட்டியது. கூரைமேல் இருந்த ஏரியலைக் காலையிலேயே பனி மூடிவிட்டது. இணைப்பு இல்லாவிட்டால் சொற்காடு திறக்கவே திறக்காது. எத்தனையோ நாள் அது மறுபடி மறுபடி சுற்றிக்கொண்டே நின்று அவள் உயிரை எடுத்திருக்கிறது. இன்றைக்கு மட்டும் எப்படி? பழைய பாடம் உள்ளே தங்கியிருக்கும், என்று சொல்லிக்கொண்டாள். நிறுத்தவில்லை. பிள்ளை படிக்கிறாளே.

"வி... ள... க்... கு. விளக்கு. அ... ணை... யும்."

விளக்கு அணைந்தது. சமையலறை சாம்பல் நிறத்தில் மூழ்கியது. குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம் நின்றதும், அவ்வளவு நேரமும் அது இருந்தது தெரிந்தது. காற்றின் ஓசை வீட்டுக்கு நெருக்கமாக வந்துவிட்டது. மேசைக்கடியில் மரக்கரண்டித் தட்டல் எப்போது நின்றது?

இருட்டில் திரையின் ஒளி மட்டும் ஹாட்டியின் முகத்தில் நீலமாக விழுந்தது. அவள் சிரித்தாள். பல மாதங்களாக மெரிடித் பார்க்க ஏங்கிய சிரிப்பு.

"எனக்கு வருதும்மா! எனக்குப் படிக்க வருது!"

"ஹாட்டி, கொஞ்சம் நிறுத்து."

"தம்... பி. தம்பி."

"நிறுத்துன்னு சொன்னேன்."

"வி... ழு..."

மெரிடித் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஏமஸ் ஜன்னல் பக்கத்து உயர முக்காலியில் ஏறி நின்று, கண்ணாடி ஆவியில் கையால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். எட்டிவிடலாம். கை அவன் சட்டையைத் தொட்டுவிட்டது.

"...வான்."

துணி விரலிலிருந்து நழுவியது.

அலறல். உதடு கிழிந்து ரத்தம். ஈரத்துணியை வைத்து அழுத்தியபடி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மெரிடித் மேசைக்கு வந்தாள், டேப்பைப் பிடுங்கினாள். திரை கறுத்திருந்தது. பொத்தானை அழுத்தினாள். சிவப்பாக ஒரு காலி மின்கலம் தோன்றி மறைந்தது. பின்பக்கம் ஜில்லென்று இருந்தது. வெகுநேரமாக ஓடாத பொருளின் குளிர்ச்சி.

"இது எப்ப அணைஞ்சுச்சு?"

"தெரியலையே. அப்பவே, நரி போயிடுச்சே அப்ப."

"அப்புறம் எதைப் பார்த்துப் படிச்சே?"

ஹாட்டிக்குக் கேள்வி புரியவில்லை. "வரியைப் பார்த்துத்தான்."

மெரிடித் கதவைத் திறந்தாள். பனி முகத்தில் அறைந்தது. டேப்பைப் பலங்கொண்ட மட்டும் வீசினாள். வெள்ளை அதை ஓசையில்லாமல் வாங்கிக்கொண்டது.

"படி படின்னு சொன்னது நீதானே!" உள்ளே ஹாட்டி கால்களை உதைத்து அழுதாள். "இப்பதான் எனக்கு வர ஆரம்பிச்சுது! எப்பவும் உனக்குக் கோபம்தான்!"

ஏமஸைத் தேற்றிப் படுக்கையறையில் தூங்க வைத்தாள். தொலைபேசியில் கர்ட்டைப் பிடித்தாள். அவன் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். நெடுஞ்சாலையில் எங்கோ இருந்தான். பின்னால் இரும்புத் தகடு தார்ச்சாலையை உரசும் ஓசை.

"கர்ட், வீட்டுக்கு வா."

"வழியே மூடிக் கிடக்கு. என்ன ஆச்சு?"

"ஹாட்டி படிக்கிறா. அவ படிக்கிறது... அது அப்படியே நடக்குது."

"என்னது, படிக்கிறாளா? அடி என் தங்கம்! நல்ல சேதிதானே, ஏன் அழறே?"

"நான் சொல்றதைக் கேளு..."

"பிள்ளைங்களோட நாளெல்லாம் அடைஞ்சு கிடக்கே, அதான். ஒரு காபி போட்டுக் குடி. ராத்திரிக்குள்ள..." உரசல் ஓசை பெரிதாகி அவன் குரலை விழுங்கியது. பிறகு உரசலும் இல்லை. வெறும் மௌனம்.

தொலைபேசியை வைத்தாள். அழுகைச் சத்தம் நின்றிருந்தது.

பாட அறை என்று அவர்கள் அழைத்தது சமையலறைக்கு அடுத்த சின்ன அறையை. சுவர்களில் எழுத்துப் படங்களை ஒட்டியிருந்தாள். ஒன்று மட்டும் வெறுஞ்சுவர்; பூச்சு உரிந்து, ஈரம் கண்டு கிடக்கும். ஹாட்டி அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விரல் சுவர்மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது.

மெரிடித் வாசலில் நின்றாள். சுவரில் ஒன்றும் இல்லை.

"ஹாட்டி. என்னைப் பாரு."

"கதவு மூடும்."

திக்கவில்லை. ஒரே மூச்சில்.

படுக்கையறைக் கதவு மூடும் ஓசை கேட்டது. பிறகு வாசற்கதவின் தாழ். பிறகு இந்த அறைக் கதவு, அவள் முதுகை உள்ளே தள்ளிக்கொண்டு.

"ஹாட்டி, வேண்டாம். அம்மா கெஞ்சிக் கேக்கறேன். போதும்மா. நீ நல்லாப் படிச்சுட்டே. போதும்."

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு." விரல் கீழே இறங்கி மறுபடி இடதுபக்கம் போனது. "அம்மா உட்காருவாள்."

முழங்கால் மடங்கியது. அவள் மடக்கவில்லை. தரை ஜில்லென்றது.

எழ முயன்றாள். கால்கள் அவளுடையவையாக இல்லை. கையை ஊன்றினாள். கை வந்தது. தவழ்ந்தாள். ஒரு கை. இன்னொரு கை. மகளின் வாயைப் பொத்திவிட்டால் போதும். சடை எட்டும் தூரம்.

"அம்மா அசைய மாட்டாள்."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"அம்மா பேச மாட்டாள்."

நாக்கு கல்.

ஹாட்டி திரும்பிப் பார்த்தாள். கண்ணில் பெருமை மின்னியது. கன்னத்தில் அழுத தடம் இன்னும் காயவில்லை. "பார்த்தியா? ஒண்ணுலகூடத் தப்பு வரலை. நீ ஒரு தடவைகூடத் திட்டலை." சுவரின் ஓரத்தைச் சின்ன விரல்களால் கிள்ளி, ஒரு பக்கத்தைப் புரட்டினாள். காற்றில் காகிதம் புரளும் ஓசை கேட்டது. பழைய தாளின் மக்கல் வாடை மெரிடித் முகத்தில் பட்டது.

"அம்மா மூச்சு நிற்கும்."

நின்றது.

நெஞ்சு பாதியில் உறைந்தது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. காதுக்குள் ரத்தம் இடிக்கும் ஓசை. ஜன்னலில் பனி.

"அப்புறம் இன்னொரு வரி இருக்கு." விரல் இறங்கியது. "அம்மா. மூச்சு. வி..."

ஹாட்டி படிப்பதை நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"வி... வி... விழும்? இல்லை. விற்கும்? அப்படியும் இல்லை." உதட்டைக் கடித்தாள். "இது பெரிய வார்த்தையா இருக்கே."

அறையின் ஓரங்கள் கறுத்தன. இடி. இடி. காதுக்குள்.

ஹாட்டி தவழ்ந்து வந்து அம்மாவின் முகத்தருகே முகத்தை வைத்தாள். அந்தத் திறந்த கண்களில், இமைக்காத கண்களில், விடை எங்காவது தெரிகிறதா என்று தேடினாள்.

"என்னம்மா இது? நீ சொல்லு."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். திரும்பிப் போய்ச் சுவர் முன்னால் உட்கார்ந்து, வரியின் தொடக்கத்தைத் தேடி விரலை வைத்தாள்.

"சரி, முதல்லேருந்து வரேன்," என்றாள். "அ..."