வீட்டு ஆளைப் பார்த்தே குரைத்த சிங்கம்

சிங்கத்துக்குப் பாதிப் பல் போய்விட்டது. கண்ணிலும் புகை படர்ந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் சிங்கம்தான். அது சிறுமி வாண்டுவின் வீட்டு நாய்.

ஒரு வாரமாக, சாயங்காலம் அம்மா வாசலில் கால் வைத்ததுமே சிங்கம் குரைத்து ஊரைக் கூட்டியது. மாடி வீட்டு நர்ஸ் அக்காவுக்கு இரவு வேலை. அது அவர் தூங்கும் நேரம்.

"இன்னைக்கும் குரைச்சா வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவேன்," என்றார் அவர் காலையில், கண் சிவக்க. சொன்னால் சிங்கத்தை வெளியே அனுப்ப வேண்டியதுதான்.

அப்பா உடனே ஒரு வாய்ப்பூட்டு வாங்கி வந்தார். வாண்டு அதைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள்.

அம்மா ஆய்வுக்கூடத்தில் வயதான உடல் செல்களை வளர்ப்பவர். அன்று காலை சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி அடுப்பு இருக்கு வாண்டு. சாப்பாட்டை எரிச்சு சக்தி குடுக்கும். வயசானா அடுப்பு விரிசல் விட்டுக் கசியும். செல் அந்தக் கசிவைக் கிருமின்னு நினைச்சு, 'ஆபத்து!'ன்னு கத்தும். அந்த இடமே வீங்கிப்போகும்."

"தன்னோட சாமானைப் பார்த்தேவா கத்தும்?"

"ஆமா. அடையாளம் தெரியலையே."

"அப்ப வாயைக் கட்டிடுவியா?"

"கட்டினா, நிஜக் கிருமி வர்றப்ப யாரு கத்துவா? நாங்க அடுப்பைச் சரி பண்ணப் பார்க்கறோம்."

வாண்டு மெல்லுவதை நிறுத்தினாள். காலையில் அம்மாவின் கையை நக்கும் சிங்கம், சாயங்காலம் மட்டும் ஏன் குரைக்கிறது?

"அம்மா, ஆய்வுக்கூடத்துலேர்ந்து கிளம்பும்போது புதுசா ஏதாவது பண்றியா?"

"ஒரு வாரமா முழங்கை வரைக்கும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கறேன். வயசான நாய், அதுக்குக் கிருமி எதுவும் ஒட்டிடக் கூடாதுல்ல?"

"ஐயோ அம்மா! கண்ணு தெரியாததுக்கு மூக்குதானே கண்ணு! உன் வாசனையையே துடைச்சுட்டு வந்தா எப்படி?"

அன்று சாயங்காலம், அம்மா தினமும் போர்த்திக்கொண்டு தூங்கும் சால்வையை வாண்டு வாசல் கதவுக்கு வெளியே மாட்டி வைத்தாள். துவைக்காத சால்வை. அம்மா அதைப் போர்த்திக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தார்.

சிங்கம் உறுமியது. வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சிங்கம் எழுந்து வந்து சால்வைக்குள் மூக்கை நுழைத்தது. அப்புறம் வால் தரையைப் பெருக்க ஆரம்பித்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார். "என்னை மறந்துட்டியோன்னு நினைச்சேன்டா," என்றார்.

மாடியிலிருந்து நர்ஸ் அக்காவின் குறட்டை கேட்டது. சிங்கம் காதைத் தூக்கிக் கேட்டது. அதற்கும் குரைக்கவில்லை.