இருநூத்திப் பத்து கிலோமீட்டர்

சேந்தமங்கலத்துல பஸ் ஏறி மலைமேல இருக்கற வளப்பூர் நாட்டுல எறங்கறப்ப மூணு மணி. பனி அதுக்குள்ள கீழ எறங்கிருச்சு. எந்தம்பி சுதாகர் ஊட்டுக்குத்தான் வந்தேன். அவன் பொண்டாட்டி அம்சவேணியக் கையோட கூட்டிட்டுப் போயிரணும்னு.

கதவைத் தள்ளுனேன். தூசி வாடை. கூடவே உப்புக்காத்து வாடை. மலைமேல ஏதுங்க கடலு?

சுதாகர் எங்கியோ கடல் நடுவுல ஒரு தீவுல ஏர்போர்ட் கட்டற வேலைக்குப் போனவன். அங்கிருந்து இன்னொரு தீவுக்கு மாத்துனாங்க. சின்ன பிளேன்ல இருநூத்திப் பத்து கிலோமீட்டர், நாப்பது நிமிசம். "எறங்குனதும் கூப்பிடறேன்"னு பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு ஏறுனான். பிளேன் எறங்கவே இல்ல. கடலெல்லாம் தேடியும் ஒண்ணும் கெடைக்கல.

பயணம் போனவங்க போய்ச் சேந்த சேதி வர்ற வரைக்கும் எங்கள்ல ஊடு கூட்ட மாட்டோம். அதுக்குன்னு ஏழு மாசமாவா?

"கெளம்பு சாமி, எங்கூட வந்துரு"ன்னு அம்சவேணியக் கூப்பிட்டேன்.

"எப்படிங்கண்ணி வர்றது? அவரு வந்துட்டிருக்காருங்க. தெனம் நாலு பத்துக்குக் கூப்பிடறாரு. ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் கொறையுதுங்க."

நாலு பத்துக்குப் போன் அடிச்சுது. நம்பரே வரல. அவ காதுல வெச்சா, மொகம் மலந்து போச்சு. எனக்குக் கேட்டது எஞ்சின் இரைச்சல் மட்டுந்தான்.

"இன்னும் மூணுதானுங்க"ன்னு குசுகுசுத்தா.

எந்தப் படுபாவியோ இவளை வெச்சு வெளையாடறான்னு நெனச்சேன். இந்தக் காத்திருப்பு இன்னையோட முடியட்டும்னு, காலையில அவ தண்ணிக்குப் போனதும் தொடப்பத்த எடுத்தேன். மூலை முடுக்கு விடாமக் கூட்டித் தள்ளுனேன்.

தூசிக்கடியில வெள்ளை மணலு.

எங்க மலை மண்ணு செவப்புங்க.

தொட்டுப் பாத்தேன். ஈரம்.

வாசல்ல குடம் விழுந்து உருண்டுச்சு. அம்சவேணி நின்னுட்டிருந்தா.

"என்னங்கண்ணி பண்ணிட்டீங்க?"

அவ அழுகல. அழுதிருந்தாலும் தேவலை. சுவத்தையே பாத்துட்டு உக்காந்துட்டா.

நாலு பத்து.

போன் அடிச்சுது. அவ தொடல. நாந்தான் எடுத்தேன்.

இரைச்சல். அதுக்கு நடுவுல எந்தம்பி குரலு. ரொம்பக் களைச்சிருந்துச்சு.

"அக்காவா? அம்சாகிட்டச் சொல்லிரு. இப்பத்தான் கெளம்பறோம். இருநூத்திப் பத்து கிலோமீட்டர்."

 ஐயோ, வாசல் வரைக்கும் வந்தவனை நானே தள்ளி உட்டுட்டனே.

நான் கீழ போகல. தொடப்பத்த அன்னைக்கே அடுப்புல வெச்சுட்டேன். பன்னெண்டு நாளாச்சு, அம்சவேணி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில, தூசிக்குள்ள, நாலு பத்துக்காக உக்காந்திருக்கோம்.

இன்னைக்குக் கிலோமீட்டரைச் சொல்லிட்டு அவன் போனை வெக்கல. 

"அக்கா, இந்தத் தடவை கூட்ட மாட்டியே?"