ஒரே ஒரு வாட்டி வேலை செய்யாத மோட்டார்

காலையில் கொட்டகையைத் திறந்தபோது விமானத்தின் இடது ஃப்ளாப் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று அதை ஏற்றிவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கோபி வீட்டுக்குப் போயிருந்தான். ஒயர் ஆணியிலேயே இருந்தது.

எடைக்குத் தானாக இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் அதை ஏற்றி இறக்கும் மோட்டாரின் பல்சக்கரம் வெளியிலிருந்து தள்ளினால் அசையாது. அதற்காகத்தான் இதை வாங்கினான்.

வளவனூரில் மல்லாட்டைக் கடலை உடைத்த பழைய கொட்டகையில் அவன் மூன்று வருஷமாகக் கட்டும் இரண்டு சீட்டு விமானத்தை ஊர் கோழிக்கூண்டு என்றது. மனைவி வெண்ணிலா அந்த மரியாதைகூடத் தருவதில்லை. இறக்கையின் பின்னால் இருக்கும் அந்த ஃப்ளாப் பலகை ஒழுங்காக இறங்கினால்தான் விமானம் வேகம் குறைந்து தரையிறங்கும். இன்றைக்குள் இறங்காவிட்டால் மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடுவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அதனால் காலையில் பார்த்ததைச் சொல்லவில்லை.

அந்த மோட்டார், கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்குவது. திண்டிவனம் ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கன் அதைச் சுவிட்சோடு சேர்த்தே கொடுத்தார். ஏரிக்குள் பாய்ந்த கார். உள்ளே ஒரு பெண். வெளியே எடுத்தபோதும் அவள் விரல் சுவிட்ச் மேலேயே இருந்ததாம்.

"நல்ல மோட்டாருப்பா. ஒரே ஒரு வாட்டிதான் வேலை செய்யல," என்றார். கோபியும் சிரித்தான்.

மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. தகரக் கூரையின் இரைச்சலுக்குக் கீழே, மல்லாட்டைத் தோலின் வறட்டு வாசனைக்கும் கீழே, வற்றிய ஏரியின் சேறும் பாசியும் கலந்த வீச்சம் ஒன்று மெல்ல எழுந்து அவன் தொண்டையில் உட்கார்ந்தது. சுவிட்சைச் சுற்றி ஈரம். துடைத்தான். மறுபடியும் ஈரம்.

சுவிட்சை அமுக்க வந்த வெண்ணிலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க நாத்தம் இது?"

"மழை வாசனை."

"எறங்கலைன்னா நாளைக்கே பாண்டுரங்கன் அண்ணன் கடைக்குப் போய்டும். சொல்லிட்டேன்."

கூரை ஒழுகியது. அவள் மேல் சொட்டாமலிருக்கக் கண்ணாடி மூடியைச் சாத்தித் தாழிட்டான். உள்பக்கத் தாழ்ப்பாள் இன்னும் பொருத்தவில்லை. கோணமானியோடு இறக்கைக்குப் பின்னால் போய் நின்றான்.

"அமுக்கு."

மோட்டார் முனகியது. பத்து டிகிரி. இருபது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. கோபிக்குக் கண் கலங்கிவிட்டது. எவன் சொன்னான் கோழிக்கூண்டு என்று.

கண்ணாடியில் தட்டும் சத்தம்.

"இரு. இன்னும் கொஞ்சம்."

முப்பது. மறுபடி தட்டல். வேகமாக. பிறகு இல்லை.

"போதும். விடு."

மோட்டார் நிற்கவில்லை. அவன் காலில் ஏதோ சொட்டியது. கூரையிலிருந்து அல்ல. விமானத்தின் வயிற்றிலிருந்து. பச்சையாக.

நிமிர்ந்தான். எதிர்ச் சுவரில் ஆணி. ஆணியில் பேட்டரி ஒயர். காலையிலிருந்து அதை மாட்டவே இல்லை.

ஓடினான். தாழ்ப்பாளை இழுத்தான். வரவில்லை.

கண்ணாடிக்குள் ஏரி. வெண்ணிலாவின் கூந்தல் மேலே மிதந்தது. சுவிட்சின் மேல் அவள் விரல். அவள் விரலின் மேல் இன்னொரு விரல், வெளுத்து ஊறிப்போனது.

ஃப்ளாப் இறங்கிக்கொண்டே இருந்தது.

கண்ணாடி இறங்கவில்லை.